குழந்தையைத் தூக்குங்க மேடம்

எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடிக்காரியை எல்லோரும் ஃபைன் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவள் பார்த்த வேலை வாங்கித் தந்த பெயர் அது. நகரப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராகப் பதினோரு வருடம் இருந்தவள். நடு வழியில் ஏறுவாள், கையை நீட்டுவாள், டிக்கெட் இல்லாதவருக்கு அபராத ரசீதைக் கிழித்துக் கொடுப்பாள். அவசரத்தில் மறந்துவிட்டேன், தெரியாமல் ஏறிவிட்டேன் என்ற பேச்செல்லாம் அவளிடம் எடுபடாது. ஒருமுறை சொந்த மாமனாருக்கே அபராதம் போட்டாள். மனிதர் ஆறு மாதம் மருமகளோடு பேசவில்லை.

கல்யாணமாகி எட்டு வருடம் கழித்துத்தான் அவளுக்குப் பிள்ளை பிறந்தான். பிறக்கும்போதே நாலரைக் கிலோ. உருண்டை என்று நான் வைத்த பெயர் அவனுக்கு நிலைத்துவிட்டது. எனக்கும் அதே மாதம் இரட்டைப் பிள்ளைகள். அவள் ஒற்றை வண்டியும் நான் இரட்டை வண்டியுமாகத் தினம் தெருவை அளந்ததில்தான் எங்களுக்குள் சிநேகம் ஒட்டிக்கொண்டது.

தெருமுனையில் ஒரு சூப்பர்மார்க்கெட் இருக்கிறது. அங்கே புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். அவர் வந்த நேரம், கடையில் ஷேவிங் பிளேடும் காபித்தூள் பாட்டிலும் காணாமல் போகத் தொடங்கின. திருடர்கள் குழந்தை வண்டியில்தான் சாமான் ஒளித்துக் கடத்துகிறார்கள் என்று யார் அவர் காதில் ஓதினார்களோ, மறுநாளே வாசலில் ஒரு போர்டு முளைத்தது: “குழந்தை வண்டிகள் சோதனை செய்யப்படும்.” போர்டுக்குக் கீழே செக்யூரிட்டி நின்றார். ஆறடி உயரம், அடர்த்தியான மீசை, அதற்குச் சற்றும் பொருந்தாத மெல்லிய குரல்.

உருண்டைக்குப் பல் முளைக்கிற நேரம். அன்று இரண்டு மணி நேரம் தெருத்தெருவாக வண்டியைத் தள்ளி, ஒருவழியாக அவனைத் தூங்க வைத்துவிட்டு, சோப்பு வாங்கக் கடைக்குள் போயிருக்கிறாள் அக்கா. பணம் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது செக்யூரிட்டி குறுக்கே வந்தார்.

“குழந்தையைத் தூக்குங்க மேடம்.”

“எதுக்கு?”

“அடியில பாக்கணும்.”

“இப்பதாங்க கண்ணை மூடினான்.”

“ரூல்ஸ் மேடம்.”

பதினோரு வருடமாக ஊரெல்லாம் அவள் சொல்லிக்கொண்டு திரிந்த வார்த்தை அது. பிள்ளையைத் தூக்கினாள். உருண்டை கடை அதிர அலறினான். செக்யூரிட்டி மெத்தைக்கு அடியிலிருந்து ஒற்றைக் காலுறை, பாதி தின்ற ரஸ்க் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். கடைசியில் இறுகச் சுருட்டிய ஒரு பொட்டலம் அகப்பட்டது. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட நினைப்பில் அதைப் பிரித்தார். அக்கா தடுக்கவில்லை. அது காலையில் மாற்றிய டயப்பர்.

அதை அவள் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாள். ஆனால் வரிசையில் நின்ற ஒரு அம்மாள் தன் கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

“என்னைப் பாத்துடி. என்னைப் பாத்து பையை இறுக்கிப் பிடிக்கிறாங்க.” பிறகு சொன்னாள்: “நான் பஸ்ல ஏறினா முதல் சீட்லேருந்து கடைசி சீட் வரைக்கும் கேப்பேன். புள்ளை வெச்சிருக்கறவங்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கேட்டதே இல்ல.”

விசாரித்தால் தெருவில் பாதித் தாய்மாருக்கு இதே கதை. ஒருத்தியை, அவள் வீட்டிலிருந்து கொண்டுபோன பால்பவுடர் டப்பாவுக்குப் பில் காட்டச் சொல்லி அரை மணி நேரம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இன்னொருத்தி அந்தக் கடையே வேண்டாமென்று இரண்டு ஸ்டாப் தள்ளி நடந்து போய் வாங்கி வருகிறாள்.

அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வம்புக்குப் போகாத மனிதர். “நீயும் வேற கடைக்குப் போயேம்மா,” என்றார்.

“நான் என்ன திருடினேன், கடையை மாத்த?”

நேராக மேனேஜரிடம் போனாள். நானும் கூடப் போயிருந்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்தபடி, “தப்பு பண்ணலைன்னா சோதனைக்கு ஏங்க பயப்படணும்?” என்றார்.

அக்கா பேருந்தில் தினம் நாலு பேரிடமாவது சொன்ன வசனம் இது. “பயமெல்லாம் இல்லைங்க. நல்லா சோதிங்க,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். படியிறங்கும்போது அவள் நடையே மாறியிருந்தது. மறுநாள் முதல் வீடு வீடாகப் போய்த் தாய்மாரைப் பார்க்க ஆரம்பித்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒன்பது வண்டிகள் எங்கள் வாசலில் கூடின. என்னுடையது இரட்டை என்பதால் பத்துப் பிள்ளைகள். பத்துக்கும் வயிறு முட்டப் பால் கொடுத்தாயிற்று; ஒன்பது தூங்கிவிட்டன. உருண்டை மட்டும் கொட்டக் கொட்ட விழித்திருந்தான்.

“யாரும் சத்தம் போடக்கூடாது, சண்டை பிடிக்கக்கூடாது,” என்றாள் அக்கா. “ஆளுக்கு ஒரு சாமான் வாங்குங்க. பில் போடுங்க. வெளியே வரும்போது அவர் கேக்கறதுக்கு முன்னாடியே வண்டியை நிறுத்துங்க. ஆனா புள்ளையை அவரே தூக்கட்டும். நமக்கெல்லாம் முதுகுவலி.”

ஒன்பது வண்டிகள் வரிசைகட்டி வெளியே வருவதைப் பார்த்த செக்யூரிட்டியின் மீசை லேசாகத் துடித்தது. முதல் வண்டியை ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடப் பார்த்தார். வண்டிக்காரி விடவில்லை.

“சோதிக்கலையாங்க? போர்டு இருக்கே.”

“சரி, தூக்குங்க மேடம்.”

“முதுகுவலிங்க. நீங்களே தூக்கிக்குங்க.”

வேறு வழியில்லாமல் தூக்கினார். குழந்தை ஒரு கண்ணைத் திறந்து மீசையைப் பார்த்தது. மறு கண்ணையும் திறந்து நன்றாகப் பார்த்தது. பிறகு போட்ட கூச்சலில் அடுத்த வண்டி எழுந்தது; அதன் கூச்சலில் அதற்கடுத்தது. மேனேஜர் ஓடி வந்தார்.

“என்ன நடக்குது இங்க?”

“சோதனை சார். கொஞ்சம் பிடிங்க,” என்று செக்யூரிட்டி கையிலிருந்ததை அவரிடம் நீட்டினார். அந்த மனிதர் பிறந்ததிலிருந்து குழந்தையைக் கையில் வாங்கியிராதவர் போலும். சொட்டச் சொட்ட நனைந்த குடையைப் பிடிப்பது மாதிரி உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தார். தள்ளிப் பிடித்தும் பயனில்லை. குழந்தை கக்கிய பால் நேராக அவர் டையில் வந்து விழுந்தது.

கேஷியர் பெண் கல்லாவை அப்படியே விட்டுவிட்டு வந்து என் மூத்ததை வாங்கிக்கொண்டாள். இளையது காய்கறி எடை போடுகிறவரிடம் போனது. பணம் கட்ட நின்றவர்கள் ஒருபக்கம் கத்த, பிள்ளைகள் மறுபக்கம் கத்த, மேனேஜர் எல்லோருக்கும் மேலே கத்தினார்.

“போதும், எல்லாரும் போங்க! சோதனையும் வேணாம், ஒண்ணும் வேணாம்!”

“அது எப்படி சார்?” என்றாள் அக்கா, வரிசையின் கடைசியிலிருந்து. “இன்னும் என் வண்டி பாக்கி.”

செக்யூரிட்டி பெருமூச்சு விட்டுக்கொண்டு உருண்டையைத் தூக்கினார். அவன் அழவில்லை. சந்தோஷமாக மீசையை எட்டிப் பிடித்தான். போர்வை விலகியது. உள்ளேயிருந்து ஒரு புத்தம்புதுக் கரண்டி, விலைச்சீட்டோடு, தரையில் விழுந்து உருண்டது.

அலறிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட அந்த நொடியில் வாயை மூடிக்கொண்டதாகத்தான் எனக்கு ஞாபகம். கரண்டிகள் தொங்குகிற இடம் சரியாக வண்டியின் உயரத்தில் இருக்கிறது. பயல் போகிற போக்கில் கை நீட்டியிருக்கிறான்.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. “தெரியாம…” என்று உதடு அசைந்தது. அதோடு நின்றுவிட்டது. வந்த வார்த்தையை அவள் விழுங்குவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

“அபராதம் எவ்வளவு சார்?”

“ஐயோ, பரவாயில்லைங்க, குழந்தைதானே…”

“குழந்தையோ கிழவரோ, சாமான் என் வண்டியில இருந்துச்சு. ரசீது போடுங்க.”

“எங்ககிட்ட அந்த மாதிரி ரசீதெல்லாம் இல்லைங்க.”

“சோதனை வெக்கத் தெரிஞ்சுது, ரசீது புத்தகம் வெக்கத் தெரியலையா?” என்று அவரை ஒரு அதட்டு அதட்டினாள். துறை அதிகாரி கடைநிலை ஊழியரை அதட்டுகிற அதே குரல். மேனேஜர் தன்னையறியாமல் நிமிர்ந்து நின்றார். செக்யூரிட்டிக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அவர் சிரிக்க, கேஷியர் பெண் சிரிக்க, கடைசியில் டையைத் துடைத்துக்கொண்டே மேனேஜரும் சிரித்துவிட்டார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கரண்டியை எடுத்துக்கொண்டு போய் வரிசையின் வாலில் நின்று, முறைப்படி பில் போட்டு வாங்கி வந்தாள்.

அன்று சாயங்காலமே போர்டு போய்விட்டது. பிளேடும் காபித்தூளும் கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டுப் போட்டு வைக்கப்பட்டன. காணாமல் போவதும் நின்றது. இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று அக்கா மேனேஜரிடம் நேரிலேயே சொன்னாள். அவர் ஆமாம் என்றார்.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் செக்யூரிட்டி எங்கள் இருவரையும் வாசலில் மறித்தார். அக்காவின் கை தானாக வண்டியை இறுக்கிப் பிடித்தது. அவரோ குனிந்துகொண்டு, “வீட்டுல இது ஏழாம் மாசம்க்கா. நல்ல வண்டி எங்க கிடைக்கும்?” என்று கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவருமாகக் குழந்தை வண்டி விற்கிற கடைக்குப் போனோம். அக்கா ஒவ்வொரு வண்டியாகக் கீழே குனிந்து சக்கரத்தைச் சுழற்றி, பிரேக்கை மிதித்து, மடக்கி விரித்துப் பார்த்தாள். ஐந்தாவது வண்டி அவளுக்குத் திருப்தியாக இருந்தது. “இதை எடுத்துக்குங்க,” என்றாள்.

செக்யூரிட்டி அதைச் சுற்றி வந்து ஒருமுறை பார்த்தார். “எல்லாம் சரிக்கா,” என்று தலையைச் சொறிந்தார். “அடியில கூடை இன்னும் கொஞ்சம் பெருசா இருந்தா தேவலை.”