ஒரு காதுக்கு ஐந்து மாமன்

கலைவேந்தனைப் பற்றி எழுது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன்.

வில்லியனூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கும் கனகாம்பாள் நான். என் கடைக்கு நேர் எதிரே அவனுடைய கம்ப்யூட்டர் சென்டர். நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. தங்கமான பிள்ளை, ஆனால் அரைக் கிறுக்கு. ரேஷன் கார்டுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் மனு போட்டுக் கொடுப்பது அவன் தொழில். கூடவே ஐந்து கடைகளுக்கு ஃபேஸ்புக் பக்கம் நடத்தினான். என் தையல் கடை, பச்சையப்பனின் கறிக்கடை, ஒரு பந்தல் கடை, ஒரு பூக்கடை, பனித்திட்டிலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் ஓர் அம்மாவின் கடை.

ஐந்து பக்கம், ஐந்து பாஸ்வேர்டு. காலையில் குனிந்தால் இரவுதான் நிமிர்வான். அப்புறம் எங்கேயோ படித்துவிட்டு ஒரு வேலை செய்தான். எந்தக் கடைப் பக்கத்தில் யார் என்ன கேட்டாலும் எல்லாம் அவனுடைய ஒரே மெயில் பெட்டிக்கு வந்துவிடும். அங்கிருந்தே பதில் போட்டால் அந்தந்தக் கடையின் பேரில் போய்விடும். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, தரையில் கால் பாவவில்லை.

"தெனம் மூணு மணி நேரம் மிச்சம்க்கா!" என்றான்.

"மிச்சத்த வச்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

"இன்னும் எப்டி மிச்சம் புடிக்கலாம்னு யோசிப்பேன்."

யோசிக்கவும் செய்தான், பாவி. ஜனங்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதானாம். ஞாயிற்றுக்கிழமை விசேஷம், பந்தல் போட வருவீங்களா, மீன் கொண்டு வருவீங்களா, பூ அலங்காரத்துக்கு வருவீங்களா. அதனால் ஒரே பதிலைத் தயாராக எழுதி வைத்துக்கொண்டான்: "கண்டிப்பாக வருகிறோம். இடமும் நேரமும் அனுப்பவும்." ஞாயிறு என்ற சொல் இருக்கிற மெயிலையெல்லாம் திறக்காமலே டிக் அடித்து, மொத்தமாக ஒரே தட்டில் அனுப்பிவிடுவான்.

போன் எடுப்பதையும் நிறுத்திவிட்டான். எதைக் கேட்டாலும் "மெயில் போடு". ஒருநாள் அவன் பைக் சீட்டை ஒரு மாடு கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. என் கடையிலிருந்து கத்தினேன். "மெயில் போடுக்கா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவன் திமிரைப் பார்க்கலாம் என்று போட்டேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை பூஜை போட்ட வண்டி, மாடு தின்னுது பார் என்று எழுதினேன். சாயங்காலம் பதில் வந்தது, கண்டிப்பாக வருகிறோம், இடமும் நேரமும் அனுப்பவும் என்று. அதற்குள் பாதி சீட்டு மாட்டின் வயிற்றுக்குள் போய்விட்டது.

அவனுக்கு ஒரே தங்கை, தேவி. பாகூரில் வாழ்க்கைப்பட்டவள். அப்பா அம்மா போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்றால் இவன்தான். அவளுக்கு மூன்று வயதில் அர்ச்சனா என்று ஒரு பெண். பேர் வைத்த அன்று போய்ப் பார்த்தவன்தான், அதோடு சரி. நேரமில்லையாம்.

குழந்தைக்குக் காது குத்த நாள் குறித்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்துவார்கள்? தேவி நாலு நாள் போன் போட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் கட் செய்துவிட்டு "மெயில் போடவும்" என்று குறுஞ்செய்தி. மாடும் வயலுமாகக் கிடக்கிற பெண், மெயிலுக்கு எங்கே போவாள்? ஃபேஸ்புக் தெரியும். அண்ணன் பார்க்கிற பக்கங்கள் எவை என்றும் தெரியும். ஐந்து கடைப் பக்கத்திலும் போய் ஒன்றையே எழுதினாள்: "அண்ணா, ஞாயிறு காலை பாப்பாவுக்குக் காதுகுத்து. மடி குடுக்க வருவியா?"

ஐந்து கடையும் பதில் சொன்னது. கண்டிப்பாக வருகிறோம்.

எங்களுக்குத் தேவியும் தெரியாது, அவள் யார் தங்கை என்றும் தெரியாது. சனிக்கிழமை பச்சையப்பன் போனை நீட்டிக்கொண்டு வந்தார். தொண்ணூற்றைந்து கிலோ ஆள், மூச்சு வாங்கியது.

"இன்னாக்கா இது? நான் வர்றேன்னு என் கடையே சொல்லிக்கீது!"

"என் கடையும் சொல்லிக்கீதுய்யா. நான் எங்கய்யா மாமனாவுறது?"

"அண்ணான்னு கூப்புட்டு ஒரு பொண்ணு ஊரறியக் கேட்டுக்கீது. வரேன்னு சொல்லிட்டுப் போவலன்னா நாளைக்கு எவன்க்கா என்கிட்ட கறி வாங்குவான்?"

கலைவேந்தனைக் கேட்டால் மெயில் போடு என்பான். ஞாயிற்றுக்கிழமைக் கறி வியாபாரத்தைப் பெண்டாட்டி அம்சவள்ளியிடம் விட்டுவிட்டு அவர் கிளம்பினார். அவரே போகும்போது நான் போகாமல் இருந்தால் என் ஜாக்கெட்டை எவள் நம்புவாள்? பந்தல்காரரும் பூக்காரரும் மீன்கார அம்மாவும் அப்படித்தான் கிளம்பினார்கள். அந்தப் பெண் பதிலுக்கு அனுப்பியிருந்த இடம் பார்த்து, பாகூரில் அம்மன் கோயில் வாசலில் ஆளுக்கொரு சீர்த்தட்டோடு போய் இறங்கினோம். மீன்கார அம்மா தட்டில் பழத்தோடு ஒரு வஞ்சிரமும் இருந்தது.

"யாரு நீங்க எல்லாம்?" என்றாள் தேவி.

"தாய்மாமன்" என்றோம் ஐந்து பேரும்.

அவள் எங்களைத் தாண்டி ரோட்டைப் பார்த்தாள். "எங்க அண்ணன் எங்க? கலைவேந்தன்?"

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அட நாசமாய்ப் போனவனே! அந்தப் பெண் அழவில்லை. கையிலிருந்த மாலையை மடித்து மடித்துப் பிரித்தாள். மாமியார் வீட்டு ஜனம் அத்தனையும் பார்த்துக்கொண்டிருந்தது. "பொறந்த வூட்டுல நாதியில்லன்னு ஆயிடும்க்கா" என்று என் காதில் மட்டும் சொன்னாள்.

பச்சையப்பன் உடனே பெண்டாட்டிக்குப் போன் போட்டார். அம்சவள்ளி கறிக் கத்தியை வைக்கக்கூட நேரமில்லாமல் அதோடு ஓடி, சென்டரின் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டாள். கம்ப்யூட்டர் அணைந்ததும் நிமிர்ந்தவனுக்கு எதிரில் கத்தி. சொன்னதைக் கேட்டதும் கைலியோடு பைக்கில் பறந்து வந்தான். பத்தே கால். நல்ல நேரம் பத்தரை வரைக்கும்தான்.

வந்து மணையில் உட்கார்ந்து கையை நீட்டினான். அர்ச்சனா வரவில்லை. அவள் அரை மணி நேரமாகப் பச்சையப்பன் மடியில் உட்கார்ந்து அவர் மீசையை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"மாமாடி, போ" என்றாள் தேவி.

"இதான் மாமா" என்று பச்சையப்பன் சட்டையைப் பிடித்துக்கொண்டது குழந்தை. தூக்கினால் கோயில் இடிகிற மாதிரி கத்தல். பத்து இருபத்தைந்து.

காது குத்த வந்த பத்தர் ஊசியோடு ஒரு தீர்ப்புச் சொன்னார். "கொழந்த மாமன் மேல இருக்கணும், அவ்ளோதான். நடுவுல யார் இருந்தா இன்னா?"

அப்படியே செய்தோம். கலைவேந்தன் மணையில், அவன் மடியில் பச்சையப்பன், அவர் மடியில் குழந்தை. ஒரு பக்கம் சாயாமல் நாங்கள் நாலு மாமனும் முட்டுக் கொடுத்தோம். வலது காது குத்தியாயிற்று. குழந்தை வீல் என்றது, கீழே இருந்தவனும் வீல் என்றான். ஜனம் சிரித்துச் சிரித்து உருண்டது. தேவி மட்டும் சிரிக்கவில்லை.

பத்தர் இடது காதுக்கு ஊசியைக் கொண்டுபோனபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது இருக்கட்டுங்க. அவ மாமன் மடியில எப்ப தானா வந்து ஒக்கார்றாளோ, அப்ப குத்திக்கலாம்."

பச்சையப்பன் எழுந்துகொண்டார். கலைவேந்தனுக்குக் கால் மரத்து எழ முடியவில்லை. அப்படியே உட்கார்ந்து அழுதான். தேவி அண்ணனுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

இரண்டு மாதம் ஆகிறது. ஒரு காதில் தோட்டோடு அந்தக் குழந்தை பாகூரில் திரிகிறது. இவன் தினம் மூன்று மணிக்கே சென்டரை இழுத்து மூடிவிட்டு அங்கே போகிறான். முதல் வாரம் அவனைக் கண்டாலே குழந்தை மாட்டுக் கொட்டகைக்குள் ஓடிவிடுமாம். என் கடையின் ஃபேஸ்புக் பக்கத்தைப் பற்றிக் கேட்டால், நீயே பார்த்துக்கொள் என்று பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்துவிட்டான்.

நேற்றுக் காலை தானாகவே என் கடைக்குள் வந்து நின்றான்.

"நேத்து வந்து ஒக்காந்தாக்கா."

"மடியிலயா?"

"பக்கத்துல" என்றான். "இருட்டற வரைக்கும்."