அல்போன்சா வீட்டுப் பனி

வேலை என்று நினைத்துத்தான் போனேன். சாந்தோமில் அம்மாவிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் அல்போன்சா என்பவர், "உன் பொண்ணு கெமிஸ்ட்ரிதானே படிச்சிருக்கா, ஒருநாள் அனுப்பு" என்று சொல்லியிருந்தார். அவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஊரில் எல்லோரிடமும் பேசுகிறவர், யாரிடமாவது சொல்லி எனக்கு ஒரு வழி செய்வார் என்பது அம்மாவின் கணக்கு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு ஒரு டியூஷன் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். 1996 நவம்பரில், மழை விட்டிருந்த ஒரு மாலை, சான்றிதழ் ஃபைலைப் பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு பட்டினப்பாக்கத்திலிருந்து நடந்தேன்.

அவர் ஃபைலைத் தொடவே இல்லை.

"பனி செய்யணும்மா" என்றார். "வெளிநாட்டுல விழுமே, அந்தப் பனி. கூரைமேல பொதபொதன்னு உக்காந்திருக்குமே. வீட்டுல செய்ய முடியுமா?"

நான் வாசலைப் பார்த்தேன். வேடிக்கைக்குச் சொல்கிறாரோ என்று மறுபடி அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை.

நாற்பத்தெட்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா விட்டுப்போன கடலோர வீட்டில் தனியாக இருந்தார். ஒவ்வொரு டிசம்பரிலும் அந்தப் பக்கத்து வீடுகளில் எல்லாம் கிறிஸ்துமஸ் குடில் வைப்பார்கள். வைக்கோல் கூரைமேல் பஞ்சைப் பிய்த்துப் போட்டு அதைப் பனி என்பார்கள். சின்ன வயதில் இவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நிஜப் பனியும் இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டிருக்கிறார். வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்வி அவரை விடவே இல்லை.

தெர்மாகோலைச் சுரண்டிப் பார்த்திருக்கிறார். மின்விசிறியைப் போட்டதும் பறந்துபோய்க் குடிலில் வைத்த பொம்மை ஆட்டுக்குட்டிகளின் மேல் ஒட்டிக்கொண்டதாம். சோப்பைத் துருவினார், எறும்பு வந்தது. உப்பைக் கொட்டினார், கடல் காற்றில் மறுநாளே சொதசொதத்தது. ஃப்ரிட்ஜ் வாங்கியபின் ஃப்ரீசரில் படியும் வெள்ளையைக் கரண்டியால் சுரண்டி, பூதக்கண்ணாடியை எடுப்பதற்குள் தண்ணீராகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிம்லாவுக்கு டிரங்க் கால் போடும்போது அங்கே லைனில் இருந்த ஆபரேட்டரிடமே கேட்டிருக்கிறார்.

"என்ன சொன்னாங்க?"

"குளிரா இருக்கு மேடம்னான். அது எனக்கே தெரியும்."

அன்றிரவு சோறு போட்டுக்கொண்டே அம்மா விசாரித்தாள். "இன்னா வேலையாம்?"

"பனி செய்யணுமாம்."

"பனியா? மார்கழி வந்தா தானா பெய்யப் போவுது. அதுக்கு நீ இன்னாத்துக்கு?"

"அந்தப் பனி இல்லம்மா. வெள்ளையா, பஞ்சு மாதிரி."

"அப்ப பஞ்சை வாங்கி வெச்சுக்கினு போவட்டும். அந்தம்மாவுக்கும் வேலை இல்ல, உனக்கும் வேலை இல்ல. பொருத்தமாதான் கீது."

அம்மா சொன்னது தவறில்லை. ஆனாலும் படுத்தபின் நான் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடம் படித்த கெமிஸ்ட்ரியில் ஒருவர் கேட்ட ஒன்றைச் செய்ய எனக்கு வழி தெரியவில்லை. பிறகு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கழுவாமல் விட்ட ஒரு பீக்கர் நினைவுக்கு வந்தது. யூரியாக் கரைசல் காய்ந்து, கண்ணாடிச் சுவரில் மேலேறி, விளிம்பு முழுக்க வெள்ளை மயிர் மாதிரி பூத்திருந்தது. அதைத் தேய்த்துக் கழுவச் சொல்லித் திட்டு வாங்கினேனே தவிர, ஏன் அப்படிப் பூத்தது என்று நான் கேட்டதில்லை.

அடையாறில் செடி விற்கும் இடத்தில் யூரியா வாங்கிக்கொண்டு மறுபடி போனேன். எவர்சில்வர் பாத்திரத்துத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினோம். பாத்திரத்தைப் பிடித்திருந்த அல்போன்சா கையை எடுத்துவிட்டார்.

"ஜில்லுனு ஆயிடுச்சே. ஐஸ் போட்டியா?"

போடவில்லை. யூரியா கரையும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். கையால் தொட்டது அன்றுதான். பாத்திரத்தின் வெளிப்பக்கம் வியர்த்து வழிந்தது. நாங்கள் இருவரும் மாறி மாறித் தொட்டுக்கொண்டிருந்தோம்.

பிறகு அதைச் சுடவைத்து, இன்னும் யூரியா போட்டு, கொஞ்சம் பசையும் ஒரு சிட்டிகை சோப்புத்தூளும் சேர்த்து, பெயின்ட் பிரஷ்ஷால் ஓர் அட்டையில் பூசி மேசை விசிறிக்கு முன்னால் வைத்தோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஓரத்தில் ஊசி ஊசியாக எழுந்திருந்தது. பிறகு ஊசிமேல் ஊசி. மாலைக்குள் அட்டை முழுக்க விரல்கடை உயரத்துக்கு வெள்ளை நின்றது. ஊதினால் நடுங்கியது.

"இது மாதிரிதான் இருக்குமா அது?" என்று கேட்டார்.

"தெரியல ஆன்ட்டி. நானும் பார்த்ததில்லையே."

அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "ஜொவிட்டா வரா. அவ சொல்லணும்."

ஜொவிட்டா அவருடைய ஒரே தங்கை. ஜெர்மனியில் நர்ஸ். போய்ப் பல வருடம் ஆகிறது, இந்தக் கிறிஸ்துமஸுக்குத்தான் முதல் தடவையாக வருகிறாள். பனி எப்படி இருக்கும் என்று அக்கா எழுதிக் கேட்கும்போதெல்லாம், 'வெள்ளையாக இருக்கும்' என்று ஒரு வரி எழுதிவிட்டு, நம் வீட்டில் கடல் காற்று வருகிறதா என்று திருப்பிக் கேட்பாளாம். அல்போன்சாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: நிஜப் பனியைப் பார்த்த ஒரு ஜோடிக் கண் தன் பனியைப் பார்த்து, ஆமாம் என்று சொல்ல வேண்டும்.

டிசம்பர் முழுக்க என் மாலைகள் அங்கேதான் போயின. குடிலுக்கு ஓலையால் கூரை வேய்ந்து, அதன்மேல் அடுக்கடுக்காகப் பூசினோம். காற்றில் ஈரம் ஏறினால் பூத்தது படுத்துவிடும் என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. அல்போன்சா கடல் பார்த்த ஜன்னல்களைச் சாத்தித் துணியைச் செருகினார். குடிலுக்குள் ஒரு பல்பை எரியவிட்டார். வீடு புழுங்கியது, அவர் அசரவில்லை. இருபத்து மூன்றாம் தேதி கூரை அவ்வளவு அழகாக இருந்தது. மேலே ஒரு பெட்ஷீட்டைப் போட்டு மூடினோம்.

"அவ முன்னாடிதான் எடுக்கணும். நீயும் வந்துடு" என்றார்.

மறுநாள் காலை ஜொவிட்டா வந்து இறங்கினாள். நான் மதியத்துக்குமேல் போனேன். கதவு திறந்திருந்தது. கூடத்துச் சோபாவில் ஜொவிட்டா தூங்கிக்கொண்டிருந்தாள். எல்லா ஜன்னல்களும் விரியத் திறந்து கிடந்தன. வெளியே மழை மேகம். கடல் காற்று திரைச்சீலைகளைக் கூரைவரைக்கும் தூக்கி அடித்தது.

"ஜன்னல்?" என்றேன்.

"வந்ததும் வராததுமா, காத்து எங்கக்கான்னு கேட்டா. எத்தன வருஷமா கேட்டவ. எப்படிச் சாத்தி வெக்கிறது?" சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். இருவரும் ஒரே நேரத்தில் பெட்ஷீட்டைப் பார்த்தோம். அதன் ஓரம் நனைந்து தரையில் ஈரம் பரவியிருந்தது.

அவர் அதை எடுக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டார். ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. மீதி யூரியா இருக்கிறது, மறுபடி பூசலாம் என்று ஆரம்பித்தேன். "இந்தக் காத்துலயா?" என்றார். ஜொவிட்டா விழித்துக்கொண்டாள்.

"என்னக்கா அது, மூடி வெச்சிருக்கே?"

"ஒண்ணும் இல்ல. குடில். பாழாயிடுச்சு."

ஜொவிட்டா எழுந்து வந்து தானே ஷீட்டை விலக்கினாள். கூரையில் பாதி வழிந்திருந்தது. மீதி சாம்பல் நிறத்தில் குழைந்து, ஓலை ஆங்காங்கே துருத்திக்கொண்டு நின்றது. விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அவள் குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

"இத எதுல செஞ்சே?"

"செடிக்குப் போடற யூரியா. காலைல வரைக்கும் நல்லா இருந்துதுடி. வெள்ளையா, பொசுபொசுன்னு."

"வெள்ளைய விடுக்கா. அது கிறிஸ்துமஸ் கார்டுல இருக்கறது." ஜொவிட்டா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இதுதான் அது. மார்ச் மாசம், குளிர் விடும்போது, எங்க ஆஸ்பத்திரி பின்பக்கம் சைக்கிள் ஷெட் ஒண்ணு இருக்கும். அதோட கூரை அப்படியே இதுதான். அழுக்கா, ஓட்டை ஓட்டையா. நைட் டியூட்டி முடிஞ்சு வரும்போது கழுத்துல சொட்டும். அப்பாடா, இனிமே வழுக்காதுன்னு நினைச்சுப்பேன்."

"வழுக்குமா?" என்றார் அல்போன்சா.

"போன முதல் வருஷம் விழுந்து மணிக்கட்டு ஒடஞ்சுது. உனக்கு எழுதல."

அல்போன்சா ஸ்டூலைத் தங்கையின் பக்கத்தில் இழுத்துப்போட்டார். அப்புறம் கேள்விகள்தான். மிதித்தால் கால் உள்ளே போகுமா? மணக்குமா? வாயில் போட்டால்? காக்கா அதன்மேல் உட்காருமா? எந்தக் கை ஒடிந்தது, யார் சமைத்துக் கொடுத்தார்கள்? ஜொவிட்டா சொல்லிக்கொண்டே இருந்தாள். சிலவற்றுக்கு யோசித்து, கவனிக்கவில்லையே என்றாள். நானும் இரண்டு கேட்டேன். ஜன்னலைச் சாத்த யாரும் எழுந்திருக்கவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று நான் அம்மாவையும் கூட்டிப்போனேன். குடில் அப்படியே இருந்தது. அடியில் மட்டும் அல்போன்சா ஒரு தாம்பாளம் வைத்திருந்தார். மற்ற வீடுகளின் பஞ்சுக் கூரைகளைப் பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டு ஜேக்கப், "என்னங்க, மழைல நனைஞ்சிடுச்சா?" என்றார்.

"இல்லீங்க. பனி உருகுது" என்றார் அல்போன்சா. "அங்க இது மார்ச் மாசம்."

ஜேக்கப் தலையாட்டிவிட்டு கேக்கை எடுத்துக்கொண்டார். அம்மா மட்டும் கூரைக்கு அடியில் விரலை நீட்டி, ஒரு சொட்டு விழும்வரை காத்திருந்தாள்.