விராலிமலையில் கேட்ட பூ

பி.எஸ்ஸி. முடிவு வந்தபோது என் மகளுக்கு ஒன்றேகால் வயது. கடைசி வருடத்தில் அவள் பிறந்ததால் தள்ளிப்போட்டு எழுதிய பரீட்சை அது. தாவர இயலில் முதல் வகுப்பு வந்திருந்தது. புதுக்கோட்டையில் நான் படித்த பெண்கள் பள்ளிக்கு இனிப்பு எடுத்துக்கொண்டு போனேன். தலைமையாசிரியை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டே, "டீச்சர் டிரெயினிங் பி.டி.ய முடிச்சிட்டு வந்துரும்மா. சயன்ஸ் டீச்சர் இல்லாமத் தவிக்கிறோம். ஒரு வருசந்தானே, பொறுத்துக்கிறேன்" என்றார்.

வேலை ஏறக்குறைய கைக்கு வந்துவிட்டது. ஆனால் திருச்சிக் கல்லூரியில் என் பேராசிரியர், "எம்.எஸ்ஸி.க்கு மனுப் போடு, இடம் கிடைக்கும்" என்று முன்பே சொல்லியிருந்தார். அதற்கு இரண்டு வருடம். படித்தால் வேலை உண்டா என்று கேட்டதற்கு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "பார்க்கலாம்" என்றார்.

எனக்குச் செடிகள் மேல் இருந்த ஆசையை எப்படிச் சொல்ல? நார்த்தாமலைப் பக்கம் போனால் பாறை இடுக்கில் முளைத்ததை எல்லாம் பிடுங்கி வந்து, பழைய செய்தித்தாளில் விரித்துப் படுக்கைக்கு அடியில் வைத்து அழுத்துவேன். வங்கியில் குமாஸ்தாவாக இருந்த என் கணவர், "நம்ம வீட்டுல மெத்தைக்கு மேல மூணு பேரு, கீழ முப்பது பேரு" என்பார். பிள்ளை தவழ ஆரம்பித்த பிறகு அந்தக் கட்டுகளை எல்லாம் பரண் மேல் ஏற்றிவிட்டேன். எந்த இலை நஞ்சு என்று படித்தவளுக்கு நிம்மதி ஏது?

அந்த வாரம் முழுக்கத் தடுமாறினேன். சோறு வடிக்கும்போது பி.டி. சரி என்று தோன்றும். மாதச் சம்பளம், உள்ளூர், பிள்ளை கண்ணுக்கு முன்னாலேயே வளரும். பாத்திரம் கழுவும்போது மனம் திருச்சிக்குப் போய்விடும். ஆசைப்பட்டுப் படித்துவிட்டு வேலை இல்லாமல் உட்கார்ந்தால் யார் முகத்தில் விழிப்பது என்று உடனே பயம் வரும். மோர்க்கார அம்மாவிடம்கூட அபிப்பிராயம் கேட்டேன்.

என் மாமியார் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னார்: "ஏத்தா, இப்படிப் பொலம்பிக்கிட்டே கெடந்தா பிள்ளைக்குப் பால் வத்திரும். விராலிமலையில போய்ப் பூக் கேட்டுருவோம்."

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சந்நிதியில் வைத்து, விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. கல்யாணமோ கிணறு வெட்டுவதோ, எங்கள் பக்கத்தில் இப்படிக் கேட்காமல் தொடங்க மாட்டார்கள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் கணவரும் கூட வந்தார். மலையடிவாரத்தில் மாமியார் சிவப்புக்கு அரளி வாங்கினார். நான் பதறிப்போய், "அத்தை, அரளி வேணாங்க. பிள்ளை வாயில வச்சுருவா. அது அத்தனையும் விசம்" என்றேன்.

"சாமி கேக்குற எடத்துலயுமா ஒம் படிப்பு?" என்று முணுமுணுத்தார். ஆனாலும் அரளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் செம்பருத்தி வாங்கினார். விராலிமலை முருகனுக்குச் சுருட்டுப் படைப்பது வழக்கம்; அதிலும் ஒன்று வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

படியேறும்போது எனக்கு ஒரே ஒரு புத்தி சொன்னார். "என்ன கேக்குறேங்கிறத மனசுக்குள்ள வச்சுக்க. வாய்விட்டுச் சொன்னா பலிக்காது." நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

சந்நிதியில் என் மகள் முதலில் குருக்களின் மணியைப் பிடித்து இழுத்தாள். பிறகு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். எடுத்ததைக் கொடுக்க மாட்டேன் என்று மார்போடு அணைத்துக்கொண்டாள். வாழைப்பழத்தைக் காட்டி ஏமாற்றித்தான் குருக்கள் அதை வாங்கிப் பிரித்தார்.

நந்தியாவட்டை. வெள்ளை வெளேரென்று.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் கண் நிறைந்திருந்ததைப் பார்த்து, எனக்காக இவ்வளவு சந்தோஷப்படுகிறாரே என்று உருகிப்போனேன்.

பாதிப் படி இறங்கியதும் அவர், "நாளைக்கே பி.டி.க்கு மனுப் போட்ருத்தா" என்றார்.

"பி.டி.க்கா? வெள்ளைப் பூவுல்ல அத்தை வந்துருக்கு?"

"வெள்ளைதானே வந்துச்சு. 'டீச்சருக்குப் படிக்கட்டுமா'ன்னுதானே நான் கேட்டேன்."

"நான், 'எம்.எஸ்ஸி. படிக்கட்டுமா'ன்னு கேட்டேங்க."

இருவரும் படியிலேயே உட்கார்ந்துவிட்டோம். பிள்ளையைத் தோளில் வைத்திருந்த என் கணவர் சிரித்த சிரிப்பில், பக்கத்துப் பாறையில் நின்ற மயில் எழுந்து பறந்தது. "ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணு கேட்டா முருகன் யாருக்குன்னு பதில் சொல்வாரு?" என்றார்.

மாமியாருக்கு மனம் கேட்கவில்லை. தனியாகத் திரும்ப மேலே ஏறிப்போய்க் குருக்களைக் கேட்டுவிட்டு, மூச்சு வாங்க வந்தார். "ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதானாம். மறுக்கா கேட்டா சாமிய நம்பலைன்னு ஆயிருமாம்."

ஆக, முடிவு எங்கள் தலையிலேயே வந்து விழுந்தது. மாமியார் வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டார்.

"டீச்சருக்குப் படிச்சா என்ன ஆவ?"

"டீச்சருங்க."

"அந்த ரெண்டு வருசப் படிப்பப் படிச்சா?"

"தெரியலங்க அத்தை." பொய் சொல்ல வரவில்லை. "காலேஜுல வேலை கெடைச்சாலும் கெடைக்கும். கெடைக்காமலும் போகும்."

"தெரியாத ஒண்ணுக்கா சந்நிதியில அந்தச் சிரிப்புச் சிரிச்ச? ஒங் கல்யாணத்தன்னைக்கிக்கூட நீ அப்படிச் சிரிக்கலையே."

"நானும் கவனிச்சேன்" என்றார் என் கணவர்.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. மாமியார் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். பிறகு, "பள்ளிக்கூடம் எங்கிட்டுப் போயிரும்? பிள்ளைக இருக்குற வரைக்கும் டீச்சர் வேணும். அதை அப்புறமாப் படி. முருகன் ரெண்டுக்குந்தான் தலையாட்டிருக்கான். திருச்சியில ஒரு ரூமப் பாரு, நானும் வந்து பிள்ளைய வச்சுக்கிறேன்" என்றார்.

"அப்ப எனக்குச் சோறு?" என்றார் கணவர்.

"கிளப்புக் கடையில தின்னு. ஒனக்கு அதுதானே பிடிக்கும்."

மனுவைத் தபால் பெட்டியில் போட்ட பிறகும் அடுத்து எப்போது தபால் எடுக்க வருவார்கள் என்று அங்கேயே நின்றேன். திருப்பித் தருவார்களா என்று கேட்கும் எண்ணம்தான். கணவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

தலைமையாசிரியை இரண்டு வருடம் காத்திருக்கவில்லை. அடுத்த ஆண்டே அந்த இடத்துக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்ட அன்று நான் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் நுண்ணோக்கியில் ஒரு தண்டின் குறுக்குவெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நேற்று அழுதோமே, எதற்கு என்று யோசிக்க வேண்டியிருந்தது.

இப்போது இரண்டாம் வருடம். உறையூர்ப் பக்கம் ஓர் அறையில் நான், மாமியார், மகள். வேலை கிடைக்குமா என்று இன்னும் எனக்குத் தெரியாது. மாமியாரோ தெரு முழுக்க, "எம் மருமக செடி டாக்டருக்குப் படிக்கிறா" என்று சொல்லி வைத்திருக்கிறார். சாயங்காலம் நான் வரும்போது வாசலில் யாராவது வாடிய கொப்போடு நிற்கிறார்கள். போன வாரம் எதிர்வீட்டு அம்மா மல்லிகைக் கொப்பொன்றை நீட்டினார். மாவுப்பூச்சி. வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் கலந்து தெளிக்கச் சொன்னேன்.

அவர் போகிற போக்கில், "இவ்வளவு படிக்கிறீங்களே, இதுக்கு வேலை கெடைக்குமாங்க?" என்று கேட்டார். 

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது: "ஒனக்கென்னடி அந்தக் கவலை? ஒம் மல்லிய பொழைக்குதான்னு பாரு. பொழைச்சா நாளைக்கு எம் பேத்திக்கு ஒரு மொழம் கட்டிக் குடுத்து விடு."