காது கடைசியில்தான் அடங்கும்

அத்தையை ஆஸ்பத்திரியில் எல்லோரும் ‘மேஜர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். வேலை என்னவோ வார்டு ஆயா வேலைதான். அதட்டல் மட்டும் பட்டாளத்து அதட்டல். பெரிய டாக்டரானாலும் ஈரத்தரையில் செருப்புக்காலோடு வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார். முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை பேரைக் கடைசியாகக் குளிப்பாட்டி அனுப்பினாரோ, அவருக்கே தெரியாது.

அதில் அவருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. உயிர் போன உடம்போடும் பேசிக்கொண்டேதான் துடைப்பார். “கையைத் தூக்குறேன்யா. தண்ணி சில்லுன்னு இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்க.” கூட நிற்பவள் சிரித்தால் ஒரே முறைப்பு. “கண்ணு மூடிக்கும், வாயி நின்னுடும். காது கடைசியிலதான்டி அடங்கும்.”

வீட்டில் சாப்பிடும்போதும் இதே பாட்டுத்தான். மூத்த மருமகள் தட்டோடு அடுத்த அறைக்கு ஓடிவிடுவாள். பிணமென்றால் அவளுக்கு அவ்வளவு பயம். அவளிடமே போய்க் கேட்டார் அத்தை: “என்னைக் கடைசியா நீதான் குளிப்பாட்டணும். கண்டவ கை படக்கூடாது.” தாயில்லாமல் வந்தவளுக்குத் தாயாக இருந்த மனுஷி. மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? தலையை ஆட்டிவைத்தாள்.

அத்தை நினைவு தப்பிப் பதினொரு நாள் கிடந்தார். பெற்ற பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள், போனார்கள். பீ மூத்திரம் அள்ளியதெல்லாம் மூத்த மருமகள்தான். பத்தாம் நாள் நாத்தனார் போனில் விசாரித்தபோது, கட்டிலோரம் நின்றபடியே வாயை விட்டுவிட்டாள்: “இழுத்துக்கிட்டே கெடக்குது. சீக்கிரம் போய்ச் சேந்தா தேவலை. என்னால முடியல.”

மறுநாள் காலை மூச்சு நின்றது.

அறைக்கதவைச் சாத்திவிட்டு, வாளித் தண்ணீரும் துணியுமாக உட்கார்ந்தாள். பயம் போன இடம் தெரியவில்லை. போனில் சொன்னதை அத்தை கேட்டிருப்பார் என்ற நினைப்பு ஒன்றுதான் நெஞ்சை அறுத்தது. ஆயிரம் தடவை அவரே சொன்ன விஷயம். அந்த ஒரு நாள் மறந்து தொலைந்ததே.

துணியை நனைத்துப் பிழிந்தாள். “கையைத் தூக்குறேன் அத்தை. சில்லுன்னு இருக்கும்.” காதுமடலைத் துடைக்கும்போது குனிந்து சொன்னாள்: “அசதியில சொல்லிட்டேன் அத்தை. மனசுல வச்சுக்காதீங்க.”

வெளியே நாத்தனார் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். “எப்படியோ, இதுக்கு மேல இழுக்காம முடிஞ்சுதே. எல்லாருக்கும் நிம்மதி.”

ஈரக்கையோடு எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள்.

“கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசு. அத்தைக்குக் கேக்கும்.”