மாங்காட்டு வேனில் ஓர் உவமை

பால் பாக்கெட்டின் தேதியை இரண்டு முறை பார்க்காமல் நான் அடுப்பில் வைக்க மாட்டேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். சந்தேகம் என் கூடவே பிறந்தது. ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்க ஆரம்பித்த பிறகு அது இன்னும் கொழுத்துப்போனது.

அந்தப் பருவத் தேர்வில் பிள்ளைகள் அணி இலக்கணத்தில்தான் மாட்டினார்கள். உவமைக்கு எடுத்துக்காட்டு கேட்டால் வகுப்பு மொத்தமும் 'மலர் போன்ற முகம்' என்று எழுதும். நானும் கண்ணை மூடிக்கொண்டு மதிப்பெண் போடுவேன். இந்த முறை சில தாள்கள் மட்டும் ஒரே மாதிரி வேறு பாட்டு பாடின. இல்லாத ஒன்றை ஒப்பிட்டுச் சொல்லும் இல்பொருள் உவமைக்கு, 'இறக்கை முளைத்த தண்ணீர் லாரி போல் பறந்து வந்தான்' என்று இருந்தது. மிகைப்படுத்திச் சொல்லும் உயர்வு நவிற்சிக்கு, 'குமணன்சாவடியைத் தாண்டுவதற்குள் எனக்கு மீசை முளைத்துவிட்டது'. எழுதியவர்களில் பாதிப் பேர் பெண் பிள்ளைகள். காப்பி அடிப்பவர்கள் இப்படித்தான் மீசையோடு மாட்டுவார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

ஆனால் தேர்வறையில் அவர்கள் ஒருவருக்கொருவர் பக்கத்தில் உட்காரவில்லை. அப்படியானால் வினாத்தாள் வெளியே போயிருக்க வேண்டும். ஜெராக்ஸ் கடைக்காரரைச் சந்தேகப்பட்டேன். என் மேசையருகே வந்து போகும் கணக்கு மிஸ்ஸைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் முதல் பெஞ்சுப் பெண்ணிடம் வந்து நின்றேன். அவள் தாளில்தான் இவை அத்தனையும் அழகாக இருந்தன.

பள்ளி சார்பில் கட்டுரைப் போட்டிக்குப் போக இருந்தவள் அவள். காப்பி என்று உறுதியானால் அவள் பெயரை அடித்துவிடுவேன் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். கூப்பிட்டுக் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "யாரையும் பாத்து எழுதல மிஸ்" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. வாயைத் திறக்காதவர்களை நான் இரண்டு மடங்கு சந்தேகிப்பேன்.

தாள்களை மறுபடி புரட்டியபோதுதான் பொறி தட்டியது. எழுதியவர்கள் எல்லோரும் மாங்காட்டுக்குப் போகும் பள்ளி வேனில் போகிறவர்கள். வெள்ளிக்கிழமை, அம்மன் கோவிலுக்குப் போகிறேன் என்று சொல்லி நானும் ஏறிக்கொண்டேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிள்ளைகள் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். வேனில் பேசக் கூடாது என்பது பள்ளியின் சட்டம்.

குமணன்சாவடி நெரிசலில் வண்டி வழக்கம்போல நின்றுவிட்டது. நகர்கிற அறிகுறியே இல்லை. ஓட்டுநருக்குத்தான் பொறுமை போனது. "இன்னா மிஸ், நீங்க குந்திகினு கீறதால இதுங்க இன்னிக்கு ஆடலை. தெனம் இங்கதான் ஆட்டம். சத்தம் போட்டா ஆபீஸ்ல திட்டுவாங்கோன்னு எவனும் வெளிய சொல்ல மாட்டான்" என்றார்.

ஆட்டத்தை நானே ஆடச் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு பொருளை ஒருவர் காட்ட வேண்டும். இன்னொருவர் அணியின் பெயரைச் சொல்ல வேண்டும். மூன்றாமவர் அந்த அணியில் அந்தப் பொருளை வைத்துப் பேச வேண்டும். நல்லதாக ஒன்று விழுந்தால் எல்லோரும் கூடவே சொல்லிப் பார்க்கிறார்கள். மீசை முளைத்தது அப்படித்தான். என் சந்தேகம் அப்போதும் முழுதாகப் போகவில்லை. எனக்காக ஒத்திகை பார்த்து வைத்திருப்பார்களோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

அதைக் கவனித்தாளோ என்னவோ, அந்த முதல் பெஞ்சுப் பெண் வெளியே கைகாட்டினாள். பைக்கில் ஹெல்மெட்டைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவர். "உவமை" என்றான் பின்சீட்டுப் பையன் ஒருவன். "உங்க டர்ன் மிஸ்" என்றாள் அவள்.

வேன் முழுக்க என்னையே பார்த்தது. தமிழில் முதுகலை படித்தவள் நான். வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான்: "மலர் போன்ற முகம்."

ஓட்டுநர் சிரிப்பை அடக்க ஹாரன் அடித்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. "புக்ல இருக்கறத சொன்னா அவுட் மிஸ்" என்றாள் மெதுவாக.

திங்கட்கிழமை தலைமையாசிரியையிடம், அவள் பெயர் போட்டிக்குப் போகட்டும், காப்பி இல்லை என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும்.

"சந்தேகமே இல்லையா? எப்படிச் சொல்றீங்க?"

"நானும் அந்த ஆட்டத்தை ஆடினேன் மேடம்," என்றேன். "முதல் சுற்றிலேயே அவுட்."