தங்கச்சி கேட்ட சுவர்

கல்முனைப் பக்கத்தில் எங்கள் முஸ்லிம் ஆட்களிடம் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணத்துக்கு முன் கட்டி, அவள் பேரில் எழுதி, மாப்பிள்ளையை அதற்குள் குடிவைப்போம். என் தங்கச்சியின் வீட்டுக்குப் படம் கீறியவன் நான். கட்டாரில் எட்டு வருடம் வீட்டுப்படம் வரையும் அதே வேலை பார்த்துவிட்டு வந்தவன். ஊர் வீடுகளைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். மாப்பிள்ளை வீட்டாரும் கைபேசியில் ஒரு டோகா வீட்டைக் காட்டி, அப்படியே வேண்டும் என்றார்கள். முன்புறம் முழுக்கக் கண்ணாடி, தட்டைக் கூரை, ஒரே பெரிய ஹோல், அதன் மூலையிலேயே சமைக்கத் திறந்த குசினி. கடல் காற்று வர வழியில்லையே என்று வாப்பா இழுத்தார். ஏசி எதற்கு இருக்கிறது என்று அவர் வாயை அடைத்தேன்.

தங்கச்சி மட்டும் படத்தை விட்டுக் கையை எடுக்கவில்லை.

“காக்கா, ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில ஒரு சுவர் வைங்க. வெளி ஆம்புளையள் வந்து இருந்தா நான் எப்படிக் குசினிக்குப் போற?”

“பேய்க்கதை கதைக்காத. உலகம் முழுக்க இப்பிடித்தான் கட்டுறாங்க. உனக்கு மட்டும் பொந்து வேணுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் தலை குனிந்தாள். எனக்கு அது நன்றாகவே இருந்தது.

அவளுக்குப் பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம், தன் மகளுக்கு வீடு கட்டவிருந்த ஒரு கடை முதலாளியை அங்கே கூட்டிப் போனேன். சொல்லிவிட்டெல்லாம் போகவில்லை; கதவுப் பூட்டின் திறப்பு ஒன்று என்னிடமும் இருந்தது. குசினியில் நின்ற தங்கச்சி கண்ணாடியூடாக எங்களைக் கண்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் ஓடினாள். முதலாளி கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததால் காணவில்லை. உள்ளே வந்தவர் சோபாவில் சாய்ந்தார். எழும்புவதாக இல்லை. அறைக்குள் பிள்ளை அழத் தொடங்கியது. என் கைபேசி அடித்தது. பத்தடிக்கு அப்பாலிருந்து தங்கச்சி.

“காக்கா, பால்மா கரைக்கணும். சுடுதண்ணி குசினியில இரிக்கி. அவரக் கொஞ்சம் வெளியால கூட்டிப் போங்க.”

அழைப்பை வெட்டினேன். திரும்பவும் அடித்தது, ஒலியை நிறுத்தினேன். நானே எழும்பி அந்தத் தண்ணீரை எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் என் படத்தில் உள்ள பிழை அந்த மனுசனுக்குத் தெரிந்துவிடும். அசையவில்லை.

“புள்ள அழுற சத்தம் கேக்குது. உள்ளுக்க ஆக்கள் இரிக்காங்களா?” என்றார்.

“அது பக்கத்து வீடு. இங்க ஆக்கள் இல்ல.”

அவளுக்குக் கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னேன். அழுகை சட்டென்று அமுங்கிப்போனது. பிள்ளையை நெஞ்சோடு அமுக்கியிருப்பாள்.

“அப்ப என்ட மகளுக்கும் இதே வீடுதான். ஒண்டும் மாத்த வேணாம்” என்றார் முதலாளி. இன்னும் ஒரு மணி நேரம் இருந்துதான் போனார்.

அடுத்த கிழமை போனபோது என் திறப்பு சுழலவில்லை. பூட்டை மாற்றியிருந்தாள். கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். ஹோலை இரண்டாகப் பிளந்து, ஆளுயரத்துக்குச் சீமெந்துக் கல் சுவர் எழும்பியிருந்தது. மேசன் மேலே கல் வைக்க, அவள் புருசன் சாந்து குழைத்துக்கொண்டிருந்தார். இருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“விசரா உனக்கு? வீட்ட நாசமாக்கிட்டியே! கதவத் திற!” என்று கண்ணாடியில் அடித்துக் கத்தினேன்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் வந்தது.

“இங்க ஆக்கள் இல்ல, காக்கா.”