இத்தரின் இருபத்தெட்டாவது சாவு

வர்ஸஸாத் ஊரில் இத்தர் அளவுக்கு ஒழுங்காகச் சாகத் தெரிந்தவர் இல்லை. பாலைவனத்தில் போர்ப்படம் எடுக்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்காக இருபத்தேழு முறை செத்திருந்தார். குண்டு பட்டு, வாள் வெட்டில், ஒருமுறை ஒட்டகத்திலிருந்து விழுந்து. எந்த நாட்டுப் படமானாலும் சாகிறவன் பேசுவது ஒன்றுதான். "என்னை விட்டுட்டு நீங்க போங்க", இல்லையென்றால் "நான் பயப்படலைன்னு வீட்ல சொல்லு". டீக்கடையில் ஊரே அதைச் சொல்லிச் சிரிக்கும்.

தம்பி பாஸ்ஸு தெற்கே எல்லையில் கண்ணிவெடியில் போனதிலிருந்து இத்தர் அந்தச் சிரிப்பில் சேர்வதில்லை. பட்டாளத்திலிருந்து வந்த கடிதத்திலும் அதே வசனம் இருந்தது: பயப்படவில்லை என்று வீட்டில் சொல்லச் சொன்னானாம். பக்கத்தில் அடிபட்டுக் கிடந்த சிப்பாய் நேரில் வந்து சொன்னது வேறு. புது பூட்ஸ் கடிக்கிறது, கழட்டு, கழட்டு என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். கழட்ட ஆள் இல்லை.

இருபத்தெட்டாவது படத்தில் சாகும் வசனத்தை உள்ளூர் மொழியிலேயே சொல்ல வேண்டும் என்றார் இயக்குநர். உதவியாளன் ஹம்மு, இதே ஊர்க்காரன், அதே பழைய வசனத்தை எழுதிக் கொண்டுவந்தான்.

"இதைச் சொல்ல மாட்டேன் ஹம்மு."

"இத்தனை படத்துல சொன்னதுதானேண்ணே? வாயா வலிக்குது?"

"பாஸ்ஸு சொன்னதைச் சொல்லப் போறேன்."

ஹம்மு சுற்றுமுற்றும் பார்த்தான். "கண்டுபிடிச்சா தூக்கிடுவாங்க. வாசல்ல நாப்பது பேரு சாகறதுக்குன்னே வரிசைல நிக்கறாங்க."

"தூக்கட்டும். அதுவரைக்கும் என் சாவு என் இஷ்டம்."

மணலில் படுத்தார். கேமரா முகத்தருகே வந்தது.

"பூட்ஸைக் கழட்டுடா. புதுசு... கடிக்குது. தண்ணி அப்புறம். முதல்ல பூட்ஸு."

அந்த மொழி தெரியாத இயக்குநர் ஹம்முவைக் கூப்பிட்டு, எழுதியதைத்தான் சொன்னாரா என்று கேட்டார்.

பாஸ்ஸுவின் துக்கத்துக்கு வந்தவர்களுக்கு மூன்று நாளும் கூஸ்கூஸ் பரிமாறியவன் ஹம்மு. "ஒரு எழுத்து மாறலை" என்றான்.

இயக்குநருக்குத் திருப்தி. வேறு கோணங்களிலும் வேண்டுமாம். வெயில் சாயும்வரை இத்தர் இன்னும் ஆறு முறை செத்தார். ஆறு முறையும் ஒரு சொல் குறைக்கவில்லை.

விளக்குகளை அணைத்ததும் ஹம்மு அவர் காலடியில் வந்து உட்கார்ந்தான்.

"நிஜமாவே கடிக்குதாண்ணே?"

"கடிக்குதுடா."

பூட்ஸ் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினான்.